தையல் கற்க எங்கே போவது: யூடியூபா, கிளாஸா, அக்கா கடையா?

நான் வெட்டிய முதல் பிளவுஸில் இரண்டு கையும் இடது கை. துணி கொஞ்சம் பற்றாக்குறை, அதனால் மடித்துப் போட இடமில்லாமல் மிச்சத் துண்டுகளில் கைகளைத் தனித்தனியாக வெட்டினேன், இரண்டையும் ஒரே பக்கம் பார்க்க வைத்து. பூப்போட்ட பிரிண்ட் துணி என்பதால் ஒன்றைத் திருப்பிப் போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. வலது பக்கம் வைத்துப் பார்த்தால் முன்பக்கம் வரவேண்டிய குழிவு முதுகுப் பக்கம் போய் நிற்கிறது. யூடியூபில் அந்த அம்மா துணியை நாலாக மடித்து ஒரே வெட்டில் இரண்டு கையையும் எடுத்துவிட்டார். ஏன் மடிக்கிறோம் என்று அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, கேட்டிருந்தாலும் வீடியோ எங்கே பதில் சொல்லப்போகிறது.

அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. பகலில் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன், சாயங்காலமும் ஞாயிறும்தான் எனக்கென்று இருக்கும் நேரம். அந்த நேரத்தை வைத்துக்கொண்டு யூடியூப், தெருமுனை அக்கா கடை, மூன்று மாத கிளாஸ் என்று மூன்றிலும் காலை நனைத்திருக்கிறேன். இப்போது மண்டியில் இரண்டு பேர், அப்புறம் சித்தி மகள், எல்லாரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள்: எதில் சேரலாம்? ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொல்லவேண்டியிருக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், எனக்கு இது புரிய ஒரு வருடம் பிடித்தது. தையல் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இரண்டு வேலை இருக்கிறது. வெட்டு ஒன்று, தைப்பு ஒன்று. வெட்டுவது கணக்கு, கண். தைப்பது கை, கால். நன்றாக வெட்டத் தெரிந்தவருக்குத் தையல் கோணலாகப் போகலாம், நூல் பிடித்தாற்போல் தைப்பவருக்கு ஒரு கழுத்து வரையத் தெரியாமல் இருக்கலாம். கற்றுத்தரும் எந்த இடமும் இரண்டையும் சமமாகத் தருவதில்லை. அது தெரியாமல் ஓரிடத்தில் சேர்ந்து, இல்லாததை அங்கே தேடி, கடைசியில் ‘எனக்குத் தையல் வராது’ என்று மிஷின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டவர்களை எங்கள் தெருவிலேயே நாலு பேரைக் காட்டுவேன்.

சரி, யூடியூபிலிருந்து தொடங்கலாம், எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

காசு கிடையாது, ராத்திரி பதினொரு மணிக்கும் பார்க்கலாம், பத்து தடவை திருப்பிப் பார்க்கலாம். தமிழில் அவ்வளவு பேர் பொறுமையாகச் சொல்லித்தருகிறார்கள், குறை சொல்ல மனசு வராது. ஆனால் ஆரம்பத்தில் அது தரும் தொல்லையைச் சொல்லத்தான் வேண்டும். ஆளுக்கொரு கணக்கு. அக்குள் ஆழத்துக்கு ஒருவர் மார்பளவை நாலால் வகுக்கிறார், இன்னொருவர் ஆறால் வகுத்து மேலே கொஞ்சம் கூட்டுகிறார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரியாகவே வரும். கழுத்தை ஒரு சேனலிலும் கையை இன்னொரு சேனலிலும் எடுத்தீர்களானால் இரண்டும் ஒன்றோடொன்று சேராது. நான் அதைத்தான் செய்தேன். உடம்புத் துண்டின் அக்குள் வளைவும் கையின் மேல் வளைவும் ஏறக்குறைய ஒரே நீளத்துக்கு வரவேண்டும், கைக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. டேப்பை வளைத்து வைத்து இரண்டையும் அளந்து பார் என்று பக்கத்தில் ஒரு ஆள் சொல்லியிருந்தால் அரை நிமிட வேலை.

இன்னொன்று, வீடியோவுக்கு உங்கள் மிஷின் தெரியாது. தைக்கும்போது துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொண்டது. அடியில் சிக்குகிறதே என்று ஒரு வாரம் அடிநூல் இருக்கும் பாபின் கேஸைக் கழற்றுவதும் அதன் குட்டி ஸ்க்ரூவைத் திருகுவதுமாக இருந்தேன். கடைசியில் தெருமுனை அக்காவிடம் சொன்னதும் அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “கீழ சிக்குனா மேல பாரு கண்ணு” என்றார். மேல்நூலை, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே விடாமல் வெளியே விட்டிருக்கிறேன். இதெல்லாம் யூடியூபிலும் எங்கோ இருக்கத்தான் செய்யும், ஆனால் என்ன பெயரில் தேடுவது என்று தெரிவதற்கே முக்கால்வாசி தையல் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் யூடியூபை ஒதுக்கிவிடுங்கள் என்று சொல்லவில்லை. பிந்தி வாருங்கள் என்கிறேன். ஒரு சாதா பிளவுஸ் உங்கள் கையில் ஒழுங்காக வந்தபிறகு பானைக் கழுத்து, பைப்பிங், பஃப் கை எல்லாம் அங்கே அள்ள அள்ளக் கிடைக்கும், அதற்கு எந்த கிளாஸும் ஈடாகாது.

அடுத்தது அக்கா கடை. எல்லாத் தெருவிலும் ஒன்று இருக்கும்: வீட்டு முன்னறையில் இரண்டு மிஷின், சுவரில் ஆணியடித்துத் தொங்கும் அளவு பிளவுஸ்கள், கீழே ஒரு மூட்டை துண்டுத்துணி. நான் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தேன், சில இடங்களில் கூடமாட வேலை செய்தால் காசே கேட்க மாட்டார்கள். முதல் மாதம் முழுக்கக் கத்திரிக்கோல் கிடையாது. கொக்கி கட்டு, எம்மிங் பண்ணு, சேலைக்கு ஃபால்ஸ் வை, தப்பாகப் போன தையலைப் பிரி. எனக்கு எரிச்சலாக வந்தது. காசு வாங்கிக்கொண்டு எடுபிடி வேலை வாங்குகிறாரே என்று வீட்டில் புலம்பினேன். அப்புறம்தான் புரிந்தது, அங்கே மேஜையில் கிடக்கும் ஒவ்வொரு துணியும் யாரோ ஒருவருடைய முகூர்த்தத் துணி. ஒரு வெட்டு தப்பினால் நஷ்டம் அக்காவுக்கு, பேர் கெடுவதும் அக்காவுக்கு. கத்திரியைக் கொடுக்காததில் வஞ்சகம் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த எடுபிடி வேலையில்தான் கை படிகிறது. மிதி மிஷினில் உட்கார்ந்து பழகாதவர்களுக்கு இது தெரியாது: புதிதாக மிதிக்கும்போது சக்கரம் நம்மைக் கேட்காமல் பின்னால் சுற்றும், சுற்றினால் நூல் அறுந்துவிடும். ஒரு கையால் சக்கரத்தை முன்னால் தள்ளிவிட்டு, குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி அழுந்த ஒரே சீராக மிதிக்கவேண்டும். அக்கா எனக்கு நூலே கோக்காமல் கோடு போட்ட நோட்டுத்தாளைக் கொடுத்தார். கோட்டின் மேலேயே ஊசி குத்திக்கொண்டு போகவேண்டும். முதல் நாள் என் தாளைப் பார்த்தால் எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி இருந்தது, பத்தாம் நாள் கோடும் துளையும் ஒன்றானது. அதன்பிறகு தாளில் வட்டம் வரைந்து கொடுத்தார், அது இன்னொரு பத்து நாள். இதை நான் வீட்டிலேயே செய்திருக்க முடியாதா என்றால் முடியும்தான், ஆனால் செய்திருக்க மாட்டேன். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ‘இன்னொரு தாள்’ என்று சொல்ல வேண்டியிருந்தது.

கடையில் கிடைக்கும் இன்னொன்று எந்தப் பாடத்திலும் வராத சில்லறை அறிவு. லைனிங் துணியை முதல் நாள் தண்ணீரில் நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்டபிறகே வெட்டவேண்டும், இல்லாவிட்டால் முதல் சலவையில் லைனிங் மட்டும் சுருங்கி பிளவுஸ் மேலே இழுத்துக்கொள்ளும். பட்டுக்கு 11ஆம் நம்பர் ஊசி, சாதாத் துணிக்கு 14, தடித்த துணிக்கு 16. கொண்டுவந்து கொடுக்கிற அளவு பிளவுஸை அப்படியே நம்பக்கூடாது, ‘இது போட்டால் எங்கே பிடிக்குது’ என்று வாய்விட்டுக் கேட்கவேண்டும்.

அக்கா கடையின் குறை வெட்டில்தான். அவருக்கு வெட்டத் தெரியும், ஏன் அப்படி வெட்டுகிறார் என்று சொல்லத் தெரியாது. முப்பது வருடக் கை. அளவு பிளவுஸைத் துணிமேல் விரித்து, சாக்பீஸால் சுற்றி இழுத்து, ‘இங்க ஒரு விரக்கடை உள்ள வாங்கிக்கோ’ என்பார். அவர் விரற்கடை வேறு, என் விரற்கடை வேறு. அளவு பிளவுஸ் இல்லாமல் ஒரு ஆள் வந்து நின்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்னொரு சிக்கல், அவர் நேரம். ஆவணி பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கினால் தீபாவளி வரைக்கும் நம்மிடம் பேசவே அவருக்குப் பொழுதிருக்காது. சேருவதானால் ஆடியில் சேருங்கள், கல்யாணம் இல்லாத மாதம், கடை கொஞ்சம் மூச்சுவிடும்.

கிளாஸுக்குப் போனது அந்த வெட்டுக்காகத்தான். தனியார் நிலையம், பெயர் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஆறாயிரம் வாங்கினார்கள். முதல் நாளே தெரிந்துவிட்டது, இருபத்திரண்டு பேருக்கு எட்டு மிஷின், அதில் இரண்டு ஓடாது. வரிசையில் காத்திருந்து அரைமணி நேரம் மிதித்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். பாடமும் கைக்குழந்தைக்குப் போடுகிற ஜப்லாவில் தொடங்கும், பிறகு பாவாடை, ஃப்ராக், சுடிதார், பிளவுஸ் கடைசியில்தான். பிளவுஸுக்காகவே சேர்ந்தவர்கள் பாதியில் நின்றுபோவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். ரெக்கார்டு நோட்டில் பொம்மைக்குப் போடுகிற அளவில் குட்டிக்குட்டி உடுப்புகளைத் தைத்து ஒட்டச் சொன்னார்கள், அதை மட்டும் வீட்டில் எல்லாரும் ரசித்தார்கள்.

ஆனாலும் அந்த ஆறாயிரம் வீண் என்று சொல்ல மாட்டேன், காரணம் பிரவுன் பேப்பரில் அளவு போட்டு வரையக் கற்றது. மார்பளவு 36 என்றால் நாலில் ஒரு பங்கு 9, அதோடு லூஸுக்கு இவ்வளவு, தையலுக்கு இவ்வளவு. முன்துண்டின் அக்குளைப் பின்துண்டைவிட ஏன் கூடுதலாகக் குடைகிறோம் என்றால் கை முன்னால்தானே அதிகம் அசைகிறது, அங்கே துணி தேங்கினால் சுருக்கம் விழும். துணியைக் கூராக மடித்துத் தைக்கிற டாட் எதற்குப் பிடிக்கிறோம் என்றால் தட்டையான துணி ஒரு மேட்டின் மேல் உட்காரவேண்டும், அதற்காக. கிராஸ் கட் பிளவுஸில் முன்துண்டை ஏன் சாய்த்து வெட்டுகிறார்கள் என்றால் சாய்வாக வெட்டிய துணி இழுபடும், உடம்போடு ஒட்டி வளையும். ஒரு மத்தியானம் டீச்சர் இதை வரிசையாகச் சொன்னபோது கடையில் அக்கா ‘உள்ள வாங்கிக்கோ’ என்று சொன்ன இடமெல்லாம் எனக்குக் கண்முன்னால் வந்தது. இதே கிளாஸுக்கு நேராக வந்திருந்தால் அந்தப் பேச்சு காதில் விழுந்து அப்படியே போயிருக்கும்.

காசு கட்டமுடியாதவர்கள் இன்னொரு வழியைக் கட்டாயம் விசாரிக்கவேண்டும். ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் வங்கிகள் நடத்துகின்றன. 1982இல் கர்நாடகத்தில் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து தொடங்கிய மாதிரியைத்தான் பிறகு மத்திய அரசு நாடு முழுக்கக் கொண்டுபோனது. கிராமத்துப் பெண்களுக்கான தையல் பயிற்சி ஏறக்குறைய ஒரு மாதம், பயிற்சியும் சாப்பாடும் இலவசம், தங்கவும் இடம் உண்டு, முடிந்தபிறகு கடன் வாங்கவும் வழிகாட்டுவார்கள். முழுநாளும் மிஷின் முன்னால் உட்காரலாம் என்பது பெரிய விஷயம். என்னை மாதிரி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு மாதம் லீவு யார் தருவார், அதனால் நான் போகவில்லை. போய்வந்த பக்கத்து வீட்டுப் பெண் ஒரே மாதத்தில் என் ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டாள், அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ஐடிஐயில் தையல் தொழில்நுட்பம் என்று ஒரு வருடப் பிரிவு இருக்கிறது. அரசு ஐடிஐ என்றால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு, பெண்களுக்கு வயது வரம்பும் இல்லை. நாற்பது வயதில் பதினெட்டு வயசுப் பிள்ளைகளோடு உட்காருவதில் கூச்சம் இல்லையென்றால், பகல் முழுக்க நேரமும் இருந்தால், சான்றிதழ் வேண்டுமானால் இதைவிட நல்ல இடம் கிடையாது. சான்றிதழ் யாருக்கு வேண்டும் என்று நினைத்துப்பார்த்தால், வேலைக்கு மனு போடுகிறவர்களுக்கு, கடன் கேட்கிறவர்களுக்கு, அப்புறம் சமூகநலத் துறையின் இலவசத் தையல் மிஷினுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு. அங்கே தையல் தெரியும் என்பதற்குச் சான்று கேட்பார்கள். பிளவுஸ் தைக்கக் கொடுக்கிற பக்கத்து வீட்டம்மா சான்றிதழ் கேட்கப்போவதில்லை, போன தடவை தைத்தது பிடித்ததா இல்லையா என்றுதான் பார்ப்பார்.

திருப்பூர் கம்பெனிக்குப் போனால் சம்பளத்தோடு கற்றுக்கொள்ளலாமே என்று மண்டியில் ஒரு பையன் கேட்டான். போகலாம், ரயிலேறினால் ஒரு மணி நேரம். கைமடியாகச் சேர்ந்து டெய்லருக்குத் துணியை எடுத்துக்கொடுத்து, மடித்து, மெதுவாக மிஷினில் உட்காரப் பழகி சிங்கர் டெய்லராகவோ ஓவர்லாக் டெய்லராகவோ ஆகிவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் அது வேறு தொழில் என்று தெரிந்து போகவேண்டும். அங்கே பவர் மிஷின், நிமிடத்துக்கு 5,000 தையல் வரைக்கும் ஓடக்கூடியது, காலை வைத்தாலே பாயும். தோள் சேர்ப்பவர் நாளெல்லாம் தோள்தான், கை வைப்பவர் கைதான். இரண்டு வருடத்தில் வேகம் வரும், பீஸ் ரேட்டில் காசும் வரும், ஒரு முழு உடுப்பை வெட்டி முடிக்க மட்டும் தெரியாது. குடும்பத்துக்கு உடனே வருமானம் வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். வீட்டில் உட்கார்ந்து பிளவுஸ் தைத்துச் சம்பாதிக்கவேண்டும் என்பது ஆசையானால் அந்த வழி நேராக அங்கே கொண்டுபோய் விடாது.

எனவே கேட்டவர்களுக்கு நான் சொன்னது இதுதான். மண்டியில் ஒருவருக்குத் தன் பிளவுஸையும் மகள் பாவாடையையும் தானே தைத்துக்கொண்டால் போதும். அவருக்குக் கிளாஸே வேண்டாம். மூன்று மாதம் அக்கா கடை, அதன்பிறகு தனக்குப் பொருந்துகிற பழைய பிளவுஸ் ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, இஸ்திரி போட்டு, அட்டையில் வரைந்து வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் அந்த அட்டை போதும். அட்டை வரையும்போது தையலுக்கு உள்ளே மடிந்திருந்த துணியையும் சேர்த்து வரையவேண்டும், அதை விட்டுவிட்டால் ஒரு சைஸ் குறைந்துவிடும். சித்தி மகளுக்குக் கடை வைக்க ஆசை, வயது இருபத்தைந்து, பகலில் சும்மா இருக்கிறாள், ஊர் பவானிக்கு அந்தப் பக்கம் கிராமம். அவளை அந்த வங்கிப் பயிற்சிக்கு அனுப்பி, முடிந்ததும் ஓடுகிற ஒரு கடையில் ஆறு மாதம் உட்காரச் சொன்னேன். அந்த ஆறு மாதத்தைத் தாண்டிக் குதிக்கத்தான் பார்க்கிறாள். பத்து விதமான உடம்பு வந்து நின்று, ‘அக்குள்ல புடிக்குது’ ‘கழுத்து எறங்குது’ என்று சொல்வதைக் காதால் கேட்காமல் கடை வைக்க முடியாது என்று சொல்லியிருக்கிறேன், கேட்பாளா தெரியவில்லை.

மூன்றாவது ஆளுக்கு என் மாதிரியே சாயங்காலம் மட்டும்தான் நேரம், மெதுவாக நாலு காசும் பார்க்கவேண்டும். அவருக்கு என் பாதையையே வரிசை மாற்றிச் சொன்னேன்: முதலில் கடை, நடுவில் கிளாஸ், கடைசியில் யூடியூப். நான் போனது யூடியூப், கடை, கிளாஸ், திரும்ப யூடியூப். இடையில் நாசமான துணிக்கு நான் கணக்கே எழுதவில்லை, கணக்கு எழுதுவதுதான் என் வேலை என்றாலும்.

துணி என்றதும் ஞாபகம் வருகிறது. பழகுவதற்கு நல்ல துணியைத் தொடாதீர்கள். எங்கள் ஊரில் திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரைக்கும் ஜவுளிச் சந்தை கூடும், அங்கே வெளுக்காத, சாயம் போடாத காடா துணி மீட்டர் கணக்கிலும் கட் பீஸ் எடை போட்டும் கிடைக்கும். முதல் பத்து பிளவுஸைக் காடாவிலேயே வெட்டித் தைத்துப் போட்டுப் பார்த்துப் பிரித்துவிடலாம். கொஞ்சம் விறைப்பான துணி, நழுவாது, சாக்பீஸ் கோடும் அழியாமல் நிற்கும்.

மிஷினும் அவசரப்பட்டு வாங்கவேண்டாம். சேர்ந்த முதல் வாரமே மோட்டார் மிஷின் வாங்கியவர் ஒருவரைத் தெரியும், காலை அழுத்தியதும் அது ஓடிய ஓட்டத்தில் பயந்துபோய் இன்றைக்கு வரை தொடவில்லை. நான் வாங்கியது பழைய மிதி மிஷின், நாலாயிரம் ரூபாய். வாங்கப் போகும்போது அக்காவைக் கூட்டிப்போனேன். அவர் எடுத்ததும் தைத்துப் பார்க்கவில்லை, முதலில் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி காதை வைத்துக் கேட்டார், ஊசிக் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அப்புறம் ஒரு துண்டுத் துணியில் நாலு அங்குலம் ஓட்டிவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து எடுத்துக்கலாம் என்றார்.

கட்டோரி பிளவுஸ் எனக்கு இன்னும் வரவில்லை. கிண்ணமாக வெட்டுகிற அந்த இரண்டு துண்டும் சேரும் இடத்தில் நுனி கூராக நிற்கிறது, உருண்டு வரவில்லை. நாலு வீடியோ பார்த்தாயிற்று. வருகிற ஞாயிறு காடாவில் வெட்டியதை எடுத்துக்கொண்டு அக்கா கடைக்குப் போகவேண்டும், இது ஆடி மாதம், அவர் சும்மாதான் இருப்பார்.